மணப்பெண் இறங்கி வரும் காட்சி

ஹட்டனில் எங்கள் குடும்பத்துக்குப் புடவைக் கடை. கடையில் உட்காராமல் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த என்னிடம், நண்பன் தன் குறும்படத்துக்குப் பின்னணி இசை கேட்டான். கல்யாணக் கோலத்தில் கதாநாயகி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் படிகளில் இறங்கி வருகிறாள்; கீழே மாப்பிள்ளையாக நண்பனே நிற்கிறான். அந்தக் காட்சிக்கு மட்டும் மூன்று நாள் உழைத்தேன். ஒருமுறை மஸ்கெலியாவுக்கு வேனில் போனபோது, வளைவுக்கு அப்பால் எங்கோ தப்பு மேளம் கேட்டது. அதைப் போனில் பதிவுசெய்து வைத்திருந்தேன். இப்போது அவளுடைய ஒவ்வொரு எட்டுக்கும் அதில் ஓர் அடி விழுமாறு பொருத்தினேன். எனக்கே புல்லரித்தது.

படத்தில் நடித்த தோட்டத்து மக்களுக்கு முதலில் போட்டுக் காட்டினோம். மேளம் தொடங்கியதும் மண்டபமே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

முன்வரிசையில் இருந்த கொழுந்தெடுக்கும் அக்கா திரும்பிப் பார்த்தார். "யாருங்க தம்பி செத்தது?"

தோட்டத்தில் தப்பு அடிக்கும் அண்ணன் விளக்கினார். "இது பாடை தூக்கிட்டுப் போறப்ப அடிக்கிறதுங்க. தூக்குறவங்க நடைக்கு ஏத்த மாதிரி அடிப்போம். அதான் பொண்ணு காலுக்கு இவ்வளவு அழகாப் பொருந்துது. கல்யாணத்துக்கு வேற அடி இருக்கு."

மூன்று நாள் உழைப்பைக் குப்பையில் போட எனக்கு மனமில்லை. "இசை இப்படியே இருக்கட்டும்டா, கதையில மாப்பிள்ளைய சாகடிச்சிடலாம்" என்றேன்.

நண்பன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "அதுவும் நல்லாத்தாங்க இருக்கும். அந்தப் புள்ளைக்கு இந்த மாப்பிள்ளை பொருத்தமே இல்ல."