குதை எங்கே

என் மகள் மூன்று வயதில் பாடிய ஒரே பாட்டு, ஒரு கார்ட்டூனின் தொடக்கப் பாட்டு. மழையில் குடையைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடும் ஒரு தவளையின் கதை அது. தமிழில் டப் செய்து வரும். "மழை வருது, மழை வருது, குடை எங்கே?" என்று தவளை பாட, இவளும் டிவிக்கு முன்னால் நின்று "குதை எங்கே" என்பாள். 'ட' அப்போது அவள் வாயில் நுழையவில்லை. நான் அடுப்படியிலிருந்து "கதவுக்குப் பின்னாடி இருக்கு பாரு" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விடமாட்டாள், முதலிலிருந்து தொடங்குவாள்.

இப்போது ஒன்பது வயது. நான் தமிழில் பேசுவதெல்லாம் புரிகிறது. பதில் மட்டும் ஹிந்தியில் வரும், இல்லாவிட்டால் இங்கிலீஷில். "சாப்டியாட்டி?" என்றால் "கா லியா" என்பாள், சாப்பிட்டாயிற்றாம். செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் எங்கள் அடுக்குமாடியில் அவளோடு விளையாடும் பிள்ளைகள் அப்படி, பள்ளிக்கூடம் அப்படி. நான் காலை ஏழரைக்கு ஆபீஸ் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவேன். யாரைக் குறை சொல்வது? என்னைத்தான் சொல்ல வேண்டும். அதையும் வேண்டிய மட்டும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

போன வருடம் ஒரு நாள் அவளுடைய தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் மறதியில் அந்தப் பிள்ளையிடம் தமிழில் ஏதோ கேட்டுவிட்டேன். அது திருதிருவென்று விழித்தது. என் மகள் அதை ஹிந்தியில் மாற்றிச் சொல்லிவிட்டு, "எங்கம்மா தமிழ்க்காரங்க" என்று விளக்கமும் கொடுத்தாள், ஹிந்தியிலேயே. நாங்கள் தமிழ்க்காரர்கள் என்று சொல்லவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் பரண் மேல் கிடந்த கிட்டாரை இறக்கினேன். என் கணவர் கல்லூரியில் வாங்கிப் பெருமைக்குச் சுமந்த கிட்டார். என் திட்டம் இதுதான்: அந்தத் தவளைப் பாட்டைக் கற்றுக்கொள்வேன், ஒரு நாள் அவள் முன்னால் வாசிப்பேன், அவள் "குடை எங்கே" என்பாள், நான் கதவுக்குப் பின்னாடி என்பேன். நாற்பத்தோரு வயதுக்காரி போடுகிற திட்டமா இது என்று கேட்கலாம். வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சொல்லித்தர செகந்திராபாத்தில் ஒரு பெண் கிடைத்தாள். நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசிப்பவள். கார்ட்டூன் பாட்டு ஒன்றே ஒன்று கற்றுத்தந்தால் போதும் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கைக்கு அக்கா?" என்றாள்.

நான் கையை நீட்டி, "கைக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான இருக்கு" என்றேன்.

சிரிப்பை அடக்க முடியாமல் அவள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாள். "நக்கோ, இல்லக்கா, நான் கையக் கேக்கல. கைக்குன்னா ஏன்னு அர்த்தம். இந்த ஊர் ஹிந்தில அப்டித்தான்." எட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆபீசில் இங்கிலீஷ், காய்கறிக் கடையில் விரலை நீட்டினால் போதும். அந்தச் சொல் ஆயிரம் தடவை காதில் விழுந்திருக்கும், உள்ளே போனதில்லை. ஏன் என்ற கேள்விக்கு, "சும்மாதான்" என்றேன்.

"சின்னப் புள்ளைங்க பாட்டுக்கா இது. மூணே கார்டு, மூணு விரல்பிடிதான். ரெண்டு வாரத்துல வந்துரும்" என்றாள். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஜி பிடித்தால் சி வராது, சி வந்தால் தாளம் போய்விடும். கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகள் கன்றிப்போய், தோல் உரிந்து, பிறகு காய்த்துவிட்டன. சனிக்கிழமை காலைகளில் மகள் ஸ்கேட்டிங் போயிருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். கணவர் எட்டிப் பார்த்து, "கம்பி அறுந்துரப் போவுது" என்பார். விரலைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. மூன்றாம் மாதம், இது நமக்கு வராது, கிட்டாரும் வராது, பிள்ளையும் வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஆனாலும் விடவில்லை. விட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நல்ல மழை. அவள் சோபாவில் படுத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு பிசிறு இல்லை. "மழை வருது, மழை வருது" என்று பாடிவிட்டு, அடுத்த வரிக்கு முன் நிறுத்திக் காத்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்து, இது என்ன பாட்டு என்று ஹிந்தியில் கேட்டாள்.

தவளைப் பாட்டு என்றேன். "நோ அம்மா, ராங்" என்று சிரித்துவிட்டு, முழுப் பாட்டையும் பாடிக் காட்டினாள். ஹிந்திப் பாட்டு. மெட்டே வேறு. ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தான் ஒன்று உண்டு. எந்த வயதில் அதை அழுத்தப் பழகினாளோ, எனக்குத் தெரியவில்லை. நான் ஆபீசில் இருந்திருப்பேன்.

"குதை எங்கேன்னு நீ பாடுவியே, ஞாபகம் இல்லையா?" என்றேன். "மீ?" என்றாள், வேறு யாரையோ பற்றிக் கேட்டதைப் போல.

என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும், எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிட்டாரையும் கம்பி மேல் இருந்த என் விரல்களையும் பார்த்தாள். பிறகு மெல்ல, "கைக்கு, அம்மா?" என்றாள்.

விரலைப் பார்த்துவிட்டாள். வீட்டில் யாரும் கேட்காததை அவள் கேட்டுவிட்டாள், அதுவும் தமிழில். ஒரு முறை ஏமாந்த சொல்தான், ஆனால் அந்த நிமிடம் அது நினைவுக்கு வரவில்லை. "கைக்கு ஒண்ணுமில்லட்டி, லேசாக் காய்ச்சிருக்கு, அவ்வளவுதான்" என்று இடது கையை அவளிடம் நீட்டினேன்.

அவள் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நோ அம்மா," என்றாள், ஊருக்குப் புதிதாக வந்தவர்களிடம் பேசுவதைப் போல, நிறுத்தி, பொறுமையாக. "கைக்கு. வொய்?"

நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன். "சும்மாதான்" என்றேன். அது அவளுக்குப் புரிந்தது.