என் மயக்கத்தை அளந்த ஒளி

சாப்பிட்டுச் சற்று நேரத்தில் வலது விலாவின் கீழே பிடித்துக்கொள்ளும். பிள்ளை பெற்ற பிறகு வரும் வாய்வு என்றுதான் நினைத்தேன். வலி முதுகுக்கு ஏறி, மகளைத் தூக்கவே முடியாமல் போனபோது பெரியகல்லாற்றிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கானில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன. சத்திரசிகிச்சை செய்து பையை எடுக்க வேண்டும் என்றார்கள்.

சண்டை முடிந்து பாதைகள் திறந்திருந்த காலம். போய்வருவதில் சிரமம் இல்லை. நான்தான் நாளைத் தள்ளிப்போட்டேன்.

சுனாமியன்று தகரம் கிழித்த என் தொடையை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்துத் தைத்தார்கள். வலி தெரியாமல் மரக்கச் செய்யும் விறைப்பு மருந்து எல்லோருக்கும் போதவில்லை. ஒவ்வொரு தையலும் நினைவிருக்கிறது. அன்று கத்தவாவது முடிந்தது. இப்போது தசைத்தளர்வு மருந்தும் (உடல் அசையாதபடி தசைகளைத் தளர்த்துவது) தருவார்கள் என்று வாசித்திருந்தேன். இடையில் விழித்தால் விரலைக்கூட அசைக்க முடியாதே?

கணவர் சிரித்தார். "நீ மயங்கிக் கிடக்கக்குள்ளயும் கேள்வி கேட்பாய். டொக்டர்தான் பாவம்."

உங்களுக்கும் இந்தப் பயம் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் என்னைப் பார்க்க வந்த மயக்க மருந்து வைத்தியர் ஒரு பெண். அவரிடம் கேட்டேன்.

"எனக்கு முழிப்பு வந்தாத் தெரியுமா, டொக்டர்?"

"வாறத்துக்கு முன்னமே தெரியும், தங்கச்சி. உங்கட மூச்சில கொஞ்சத்தை மெஷின் இழுத்துப் பார்த்துக்கொண்டே இரிக்கும்."

அந்த மூச்சின் ஊடாகச் செங்கீழ்க் கதிர் (கண்ணுக்குத் தெரியாத, வெப்பம் தரும் ஒளி) செலுத்தப்படும். மயக்க வாயு அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து, உடலில் மயக்க வாயு போதுமா என்று திரையில் கண்டுகொள்வார்கள்.

"மெஷின் பிழை விட்டா?"

"சத்தம் போடும். நானும் தலைமாட்டிலதான் நிப்பன். தேத்தண்ணி குடிக்கவும் போக மாட்டன், சரியா?"

மறுநாள் முகமூடி வைத்தார்கள். அடுத்த கணம் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். "இன்னும் தொடங்கேல்லையா?" என்றேன். முடிந்துவிட்டிருந்தது.

அடுத்த நாள் அவரே வந்து சொன்னார்: "இடையில மெஷின் மூச்சை இழுத்துப் பார்க்கிற குழாயில ஈரம் அடைச்சு, கொஞ்ச நேரம் அளவு தெரியாமப் போயிற்று. குழாயை மாத்தினோம்."

கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தேன். "அப்ப நான்?"

"வாயு நிக்கேல்ல தங்கச்சி, அளவுதான் தெரியேல்ல. முழிப்பு வரப்போனா நாடியும் பிறஷரும் ஏறும். உங்களுக்கு ஏறேல்ல. கையைப் பிடிச்சுக்கொண்டே நிண்டன்."

அவர் சொல்லாமலே விட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன். ஆனாலும், உண்மையில் ஏதும் உணர்ந்து மறந்திருப்பேனோ என்று அன்று காலை முழுவதும் உடம்பைத் துருவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்தால் இரவு கழிந்தது உடம்புக்குத் தெரியும். இதில் கழிந்த நேரமே இல்லை. அந்த நேரத்தை எனக்காக இன்னொருத்தி விழித்திருந்து கழித்திருக்கிறாள்.

கடல் வந்த நாளிலிருந்து நான் பகலில் கண் மூடியதில்லை. அன்று மத்தியானம் மகள் தகப்பனின் மடியில் இருந்தாள். வார்டு இரைந்துகொண்டிருந்தது. கண்களை மூடினேன். விழித்தபோது வெயில் கட்டிலைக் கடந்து அடுத்த சுவருக்குப் போயிருந்தது. எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று நான் கேட்கவில்லை.