வசவும் மேற்கோள்தான்

டாக்டர் சேதுராமன் ஐ.என்.ஏ. மார்க்கெட் காபிப்பொடியுடன் நூலகத்துக்கு வந்தால், பின்னாலேயே ஒரு வேலையும் வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படித்தான் வந்தார். தெற்கு டெல்லியில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். நான் அதில் நூலக உதவியாளர்.

"கமலாம்மா, வெள்ளிக்கிழமை புரொஃபசர் இன்டர்வியூ. என் பேப்பர்ஸுக்கு எத்தனை சைடேஷன்னு லிஸ்ட் வேணும். ஜல்தி!"

அவர் ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்தது. இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. வீட்டில் புதுப் பெயர்ப்பலகைக்கே சொல்லி வைத்துவிட்டார்கள்.

உங்கள் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு சைடேஷன், மேற்கோள். இப்போது கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடுகிறது. அன்று தலையணை பருமனான தொகுதிகளில், எறும்பு எழுத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். பெயர் வந்தால் பென்சிலால் ஒரு கோடு. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் வேலையில்லை. இரண்டு நாளில் அறுபத்திரண்டு கோடுகள் போட்டேன். டாக்டர் நூலகம் முழுக்க லட்டு கொடுத்தார்.

வியாழக்கிழமை, கமிட்டிக்காக அந்தக் கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். மெஷின் சூடாகும் வரை சும்மா நிற்பானேன் என்று ஒன்றைப் படித்தேன். 'சேதுராமனின் முடிவு தவறு' என்றிருந்தது. அடுத்ததிலும் அதே கதை. மீதியையும் புரட்டிப் பார்த்தேன். மொத்தத்தில் முக்கால்வாசி, அவருடைய ஒரே கட்டுரைக்கு விழுந்த வசவு.

போய்ச் சொன்னேன். "சார், எண்ணிக்கை சரிதான். ஆனா நிறைய பேர் திட்டியிருக்காங்க."

"என் பேரைப் போட்டுத்தானே திட்டியிருக்காங்க?"

"ஆமா சார்."

"அப்ப கணக்குல சேரும்ல?"

சிரித்துக்கொண்டேதான் ஜெராக்ஸ் கட்டை வாங்கினார். படிக்கப் படிக்கச் சிரிப்பு போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தன் பழைய லேப் நோட்டைக் கொண்டுவந்து தேதிகளைப் பார்த்தார்.

"மே மாசம்மா. தினம் கரண்ட் கட். பிளட் சாம்பிளெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள்ளயே வெந்து போயிருக்கு. நான் அதைப் போய் வியாதின்னு எழுதிட்டேன்."

பாவமாக இருந்தது. "நல்லதா சொன்னதும் பத்துப் பதினஞ்சு இருக்கு சார். அதை மட்டும் மேல வச்சுடட்டுமா?" என்று கேட்டேன். கேட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

"இருக்கிறபடியே வைங்க" என்றார்.

கமிட்டியில் ஒருவரும் தாளைப் புரட்டவில்லையாம். அறுபத்திரண்டு என்றதும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டியிருக்கிறார்கள். இவரே வலியப் போய், முக்கால்வாசி வசவு, அதுவும் நியாயமான வசவு என்று சொல்லிவிட்டார். பதவி வேறொருவருக்குப் போனது.

எனக்குக் கோபம் வந்தது. "யாருமே கேக்கலையே சார், பேசாம இருந்திருக்கலாமே?"

"வாய் வரைக்கும் வந்துடுச்சும்மா. முழுங்க முடியல."

அடுத்த மாதமே, அந்தக் கட்டுரை வெளிவந்த பத்திரிகைக்கு அரைப்பக்கத் திருத்தம் எழுதி அனுப்பினார். கரண்ட் கட், ஃப்ரிட்ஜ், தன் தவறு எல்லாம் அதில் இருந்தது. அது அச்சானது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் வருடா வருடம், யாரும் கேட்காமலே, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அதைத் தேடுவேன். தவறான கட்டுரைக்கு வசவு வந்துகொண்டே இருந்தது. திருத்தத்தை ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை.

நூலக வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணிக் கொடுங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு பக்கமாவது படித்துப் பாருங்கள். டாக்டர் சேதுராமன் எழுதியதில் நான் முதலிலிருந்து கடைசி வரை படித்தது அந்த அரைப்பக்கம் ஒன்றுதான். அதற்கு இன்றுவரை சைடேஷன் பூஜ்யம்.