கிற்றாரின் தடியை முறித்த வியாழக்கிழமை

என் மனிசனின் கிற்றாரை ஒரு வருடமாக நான் களவாக வாசித்தேன்.

அவருக்குப் புவாண்ட்-கிளேரில் சாமான் கிடங்கில் வேலை. பின்னேரம் போய் இரவு வருவார். எனக்குத் தையல் தொழிற்சாலை. விடியப் போய் மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். கோட்-டெ-நெய்ஜில் எங்களுக்கு ஒரு அறை வீடு. கிற்றார் கட்டிலுக்குக் கீழே பையில் கிடக்கும். அவருக்கு லீவான வெள்ளிக்கிழமையில் பாடகர் குழுப் பயிற்சிக்கும், ஞாயிறு பூசைக்கும் மட்டும் வெளியே வரும்.

அது மின்சாரக் கிற்றார். ஸ்பீக்கர் பெட்டியில் செருகினால் கத்தும். செருகாவிட்டால் இலையான் பறக்கிற அளவு சத்தம்தான். கீழ்வீட்டுக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. வாசிக்கிறவளுக்குக் கேட்கும். போதும்.

ஒருவரும் சொல்லித் தரவில்லை. மூன்று வருடம் மாதா கோயிலில் முன் வாங்கில் இருந்து அவருடைய இடதுகையைப் பார்த்தேன். பூசை பார்க்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவருக்குத் தெரிந்தால் அடிக்கமாட்டார். ஏசவும் மாட்டார். அதைவிட மோசம், சந்தோசப்படுவார். கோயில் முழுக்கச் சொல்லுவார். நத்தார் நிகழ்ச்சியில் மேடையில் கதிரை போட்டு என்னை இருத்துவார். "என்ர மனிசியும் அடிப்பா" என்று மைக்கில் சொல்லுவார். சனம் கைதட்டும். அதோடு அந்த ஒரு மணித்தியாலம் முடிந்துவிடும். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வியாழன் காலை அவர் ஒரு கலியாணத்துக்காக பஸ்ஸில் டொரொண்டோ போனார். எனக்கு லீவு கிடைக்கவில்லை. திங்கள் வருவேன் என்றார். வேலையால் வந்து, தேத்தண்ணி குடித்து, கிற்றாரை வெளியே எடுத்தேன்.

கிற்றாரின் வயிற்றில் ஒரு இரும்புத் தட்டு இருக்கிறது. ஆறு கம்பிகளும் அதில்தான் வந்து குந்தும். அதைப் பிரிட்ஜ் என்பார்கள். அதில் ஒரு சின்னத் தடி பூட்டியிருக்கும். பிடித்து ஆட்டினால் ஓசை நடுங்கும். அவர் அந்தத் தடியை எப்போதும் லொடலொடவென்று தொங்கவிட்டிருப்பார். எனக்கு அது பிடிக்காது. எங்கள் வேலையில் மெஷினின் பாதத்து ஆணி லொடலொடத்தால் ஊசி முறியும், துண்டு கண்ணுக்கு வரும். லூசாக எதைக் கண்டாலும் இறுக்குவதுதான் எங்கள் பழக்கம். அதனால் அந்தத் தடியையும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு வந்தேன். அவர் அதைத் தளர்த்துவார். நான் இறுக்குவேன். ஏன் இறுகுகிறது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

வியாழன் அன்று கடைசியாக ஒரு கால் சுற்று இறுக்கினேன். டக் என்றது. தடி கையில் வந்தது. அதன் அடிப்பகுதி உள்ளே நின்றுவிட்டது.

குறட்டால் பிடிக்கப் பார்த்தேன். பிடிக்க ஒன்றும் வெளியே இல்லை. ஊசியால் கிண்டினேன். ஊசிதான் முறிந்தது. முறிந்த ஊசியைப் பொறுக்கி எறிந்தேன். பிறகு சோறு போட்டேன்.

வெள்ளி வேலையால் நேரே கிற்றார்க் கடைக்குப் போனேன். தட்டையே மாற்றுவதென்று, வெளிக்கிட முன் தையல் நாடாவால் அதை அளந்திருந்தேன். சட்டை அளக்கிற மாதிரி, ஓரத்தில் இருந்து ஓரம். கடைக்காரன் தலைமயிரைப் பின்னி விட்டிருந்தான், கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். என்னிடம் தொழிற்சாலைப் பிரெஞ்சு கொஞ்சம் இருந்தது. அளவைச் சொன்னேன். ஒன்றைத் தந்தான். தடியும் சேர்ந்தே வந்தது.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் பழைய போர்வையை விரித்தேன். கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கிற்றாரைக் குப்புறப் போட்டேன். பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே மூன்று ஸ்பிரிங். குறட்டால் ஒவ்வொன்றாகக் கொக்கியில் இருந்து எடுத்தேன். ஒன்று பறந்து அடுப்புக்குப் பின்னால் போனது. அடுப்பை இழுத்தேன். ஸ்பிரிங்கும் கிடந்தது, போன வருடம் துலைந்த கரண்டியும் கிடந்தது.

முன்பக்கம் ஆறு ஆணி. கழற்றினேன். பழைய தட்டு கையில் வந்தது. புதியதை வைத்தேன். நடுவில் உள்ள இரண்டு ஆணியும் போயின. அடுத்த இரண்டும் முக்கிக்கொண்டு போயின. ஓரத்து ஆணி போகவில்லை. துளை ஒரு நூல் தள்ளி நின்றது. தள்ளி நின்றால் என்ன, போகும் என்று அமத்தி முறுக்கினேன். மரம் பிய்ந்தது.

இறுக்கினால் உடையும் என்பதை முதல் நாள்தான் படித்திருந்தேன். ஆனாலும் கை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பழைய தட்டையும் புதிய தட்டையும் பால் வந்த பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். கடைக்காரன் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். ஓரம் சரியாக நின்றது. துளைகள் நிற்கவில்லை. ஓரத்தை அளக்கக்கூடாதாம். முதல் ஆணியின் நடுவில் இருந்து கடைசி ஆணியின் நடுவுக்கு அளக்க வேண்டுமாம். அமெரிக்கக் கிற்றாருக்கு ஒரு அளவு, ஆசியாவில் செய்ததற்கு வேறு அளவு. பத்து வருடம் அளந்து தைக்கிற ஆளுக்கு ஒரு பின்னல்காரன் அளக்கப் பழக்கினான். கேட்டுக்கொண்டு நின்றேன்.

சரியானதை எடுத்துக்கொண்டு வந்தான். "மகனுக்கோ?" என்று கேட்டான்.

"வீட்டில ஒரு பெடியன்" என்றேன்.

"எத்தனை வயது?"

"நாற்பத்திரண்டு."

என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் பின்னல் முன்னால் வந்து விழுந்தது.

"பெடியனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

வாயில் விரலை வைத்துக் காட்டினான். நல்ல பெடியன்.

பிய்ந்த துளைக்கு என்ன செய்வது? தமிழ்க் கடையில் வாங்கிய ஈர்க்குமாறு கதவுக்குப் பின்னால் நின்றது. மூன்று ஈர்க்கு உருவினேன். பசையில் தோய்த்துத் துளையில் செருகி, காயவிட்டு, மட்டமாக வெட்டினேன். நடுவில் ஊசியால் ஒரு குத்து. ஆணி நல்லாகப் பிடித்தது. ஆறு ஆணியையும் இந்த முறை இரண்டு விரலால்தான் முறுக்கினேன்.

ஆணி முறுக்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. அவர்தான். பின்னால் மேளச் சத்தம்.

"என்ன செய்யிறீர்?"

"மேசையில வேலையா நிக்கிறன்."

"கிற்றாரை ஹீற்றருக்குக் கிட்ட வைக்காதையும். வளைஞ்சிடும்."

"ஹீற்றருக்குக் கிட்ட இல்லை."

"தொட்டுப் பாத்தனீரோ?"

"தொட்டனான். சூடில்லை."

"கெட்டிக்காரி" என்றார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அடுத்த கரைச்சல், தட்டு புதுசு. மினுங்கியது. பழையது அவருடைய உள்ளங்கை வியர்வையில் மங்கிப்போயிருந்தது. சட்டி தேய்க்கிற கம்பிப்பஞ்சை எடுத்தேன். வீட்டுப் பெண்கள் எல்லாரும் பழையதைத் தேய்த்துப் புதிதாக்குவார்கள். நான் புதியதைத் தேய்த்துப் பழையதாக்கினேன். அரை மணித்தியாலத்தில் ஐந்து வயது கூடியது.

பழைய கம்பிகளையே திரும்பப் பூட்டினேன். ஒன்று அறுந்தது. அவருடைய பையில் உதிரிக் கம்பி இருந்தது. எண்ணி வைக்கிற ஆள் இல்லை. தடியின் நுனியில் இருந்த வெள்ளைத் தொப்பியைப் பழைய தடியில் இருந்து கழற்றப் பார்த்தேன். வரவில்லை. இனி ஒன்றையும் முறுக்குவதில்லை என்று விட்டுவிட்டேன். புதிய தடியில் கறுப்புத் தொப்பி. அவர் எங்கே அதைப் பார்க்கப்போகிறார்?

ஞாயிறு பூசை முடிந்து வந்து சுருதி கூட்டினேன். சுருதி பார்க்கிற சின்னப் பெட்டி அவரிடம் இருந்தது. சரி என்றால் பச்சை. முதல் கம்பி பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவதைக் கூட்டிவிட்டு முதலாவதைப் பார்த்தால் சிவப்பு. ஒன்றை இழுக்க மற்ற ஐந்தும் தளர்ந்தன, கூட்டுக் குடும்பம் மாதிரி. இழுக்க இழுக்கத் தட்டும் பின்பக்கம் எழும்பிக்கொண்டு வந்தது. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. பிழையாகப் பூட்டிவிட்டேன், திங்கள் பிடிபடப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கிற்றாரைத் திருப்பி அந்த மூன்று ஸ்பிரிங்கையும் பார்த்தேன். பார்த்ததும் விளங்கியது. முன்னால் கம்பி இழுக்கிறது. பின்னால் ஸ்பிரிங் இழுக்கிறது. எங்கள் மெஷினில் மேல்நூலும் பொபின் நூலும் இப்படித்தான். மேல்நூலை மட்டும் இறுக்கினால் தையல் சுருங்கும். கீழேயும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் கொக்கி பிடித்திருக்கிற இரண்டு ஆணிகளையும் இரண்டு சுற்று உள்ளே விட்டேன். தட்டு குனிந்து மட்டமாக இருந்தது. திரும்பவும் சுருதி கூட்டினேன். ஆறும் பச்சை. தடியை ஆட்டினேன். விட்டேன். அப்போதும் பச்சை.

அந்த நாள் இரண்டு பாட்டு வாசித்தேன். தடி லொடலொடவென்று தொங்கியது. தொங்கட்டும்.

திங்கள் பின்னேரம் அவர் வந்தார். பெட்டி படுக்கையை வைத்த கையோடு கிற்றாரை எடுத்தார். ஸ்பீக்கர் பெட்டியில் செருகினார். வாசித்தார். நான் வெங்காயம் வெட்டினேன்.

"இஞ்சாரும், சத்தத்தைக் கேட்டனீரே? என்ன ரோன்! நாலு நாள் கைக்கு ஓய்வு குடுத்தது, கை திறந்திட்டுது."

"ஓம். வித்தியாசம் தெரியுது."

தட்டைப் பார்க்கவில்லை. புதுக் கம்பியைப் பார்க்கவில்லை. பிறகு தடியைப் பிடித்தார். நின்றார்.

"இந்தத் தொப்பி வெள்ளையெல்லோ?"

நான் வெங்காயம் வெட்டினேன்.

"இது கறுப்பு. ஆரோ மாத்திப்போட்டாங்கள். கோயில்ல ஆரோ கை வைச்சிருக்கிறாங்கள்!"

"கோயில்ல கன பேர் வந்து போறவை" என்றேன். அதுவும் பொய் இல்லை.

வெள்ளிப் பயிற்சியில் எழும்பி நின்று சொல்லியிருக்கிறார்: "என்ர சாமானைத் தொட்டது ஆரெண்டு எனக்குத் தெரியும். நானாச் சொல்ல மாட்டன். தொட்டவர் தானாச் சொல்லட்டும்." வீட்டுக்கு வந்து எனக்கும் சொன்னார். "தெரியுமோ ஆரெண்டு?" என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியும்? சும்மா ஒரு வெருட்டு" என்றார். நல்ல வெருட்டுத்தான். நானே வெருண்டுபோனேன். இனி ஒவ்வொருவராகக் கேட்பார். கடைசியில் கேட்க மிஞ்சுகிறது நான்.

சனி மத்தியானம் கதவு தட்டியது. கோயிலில் கீபோட் வாசிக்கிற அண்ணை. அறுபது வயது இருக்கும். குளிருக்குள் நடந்து வந்த ஆளுக்கு நெற்றி வியர்த்திருந்தது.

"தங்கச்சி, தம்பி நிக்கிறாரோ?"

அவர் வந்தார். அண்ணை இருக்கவும் இல்லை, கோட்டைக் கழற்றவும் இல்லை.

"தம்பி, நான் இதை மறைச்சுக்கொண்டு நாளைக்குப் பூசையில நன்மை எடுக்கேலாது. தவக்காலத்தில, நீர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், என்ர கால் தட்டி உம்மட கிற்றார் விழுந்திட்டுது. அந்தத் தடியிலதான் குத்தினது. வளைஞ்சுபோச்சு. நான் நிமித்தி வைச்சனான்."

நான் குசினிக் கதவடியில் நின்று கேட்டேன். வளைத்து நிமிர்த்திய இரும்பு! அதுதான் கால் சுற்றில் போயிருக்கிறது. ஒன்பது நாளாக நான் சுமந்ததில் பாதியை அங்கேயே இறக்கி வைத்தேன். பாதிதான். இறுக்கியது நான்.

"அப்ப தொப்பியை மாத்தினதும் நீங்களோ அண்ணை?" என்று இவர் கேட்டார்.

"தொப்பி எனக்குத் தெரியாது. மாதாவறிய."

அவர் அண்ணையின் தோளில் கை வைத்தார். ஆயர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "சரி, தொப்பியை விடுங்கோ அண்ணை. நடந்தது நடந்துபோச்சு. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

பாதியை ஒத்துக்கொண்ட ஆள் மீதிக்கு வெட்கப்படுகிறார் என்று அவர் நினைத்தார். அண்ணை போக வெளிக்கிட்டபோது நான் பொரித்து வைத்திருந்த ரோல்ஸ் இருபதையும் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

"என்னத்துக்குத் தங்கச்சி?"

"சும்மா அண்ணை. கொண்டுபோங்கோ."

ஞாயிறு பூசை முடிந்து அவர் கடைக்குப் போய்க் கனத்த கறுப்புப் பெட்டி ஒன்றோடு வந்தார். மூன்று எண் பூட்டு. கிற்றாரை அதற்குள் வைத்துப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே தள்ளினார். இனி ஒருத்தரும் தொடேலாது என்றார்.

திங்கள் நான் மூன்றரைக்கு வந்தேன். தேத்தண்ணி குடித்தேன். பெட்டியை இழுத்தேன். அவர் விட்டிருந்த எண்களை முதலில் கடதாசியில் எழுதினேன், திரும்ப அப்படியே வைக்க வேண்டும் என்பதற்காக. பிறகு எங்கள் கலியாண நாளைப் போட்டேன். திறக்கவில்லை. என் பிறந்தநாளைப் போட்டேன். திறக்கவில்லை. அவருடைய பிறந்தநாளைப் போட்டேன்.

திறந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நேரம் நாலு மணிகூட ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு மெட்ரோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பூட்டைத் தட்டிக் காட்டினார்.

"என்ன பூட்டு தெரியுமோ? ஒரு எறும்பு போகாது."

"ஓம்" என்றேன். "நல்ல பூட்டு."