கருப்பையாவுக்காக நான் செய்த ஜெபம்

சபையாரே, ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்ல வருகிறவர்கள் முகத்தில் சந்தோஷம் இருக்கும். என் முகத்தில் அதைத் தேடாதீர்கள். ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய மறுவருஷம், கார்த்திகை மாதம். அன்னவாசலுக்கு மேற்கே எங்கள் ஊர்ச் சபைப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். புருஷன் இறந்தபின் எனக்கு இருந்தது தம்பி சாலமோன் ஒருவன்தான். தாய் தகப்பன் இல்லாத அவனை நான்தான் வளர்த்தேன். அந்த வருஷம் மழை இல்லை. கண்மாயில் கிடந்த கொஞ்சம் தண்ணீருக்கு அவனுக்கும் பக்கத்து வயல் வேலுவுக்கும் தினமும் தகராறு.

ஒருநாள் விடிகிற நேரம், தம்பி கொல்லையில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே போய்விட்டேன். சற்று நேரத்தில், வேலு வாய்க்காலில் மண்டை பிளந்து செத்துக் கிடப்பதாகத் தெருவில் சத்தம் கேட்டது.

போலீசார் பிடித்துப் போனது கருப்பையாவை. அவரும் தண்ணீருக்காக வேலுவோடு சண்டை போட்டவர். முந்தின வாரம் வெட்டிவிடுவேன் என்று ஊர் அறியக் கத்தியவர். அவரைத் தூக்கில் போடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு உண்மை தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. ஆண்டவரே, என் தம்பியைக் காப்பாற்றும் என்றுதான் கேட்டேன். அந்த ஜெபம் என் காதுக்கே அசிங்கமாக இருந்தது. கோயிலுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன், பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தேன். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவேன். இனி எனக்குத் தேவன் இல்லை என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கருப்பையாவின் மனைவி சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் எங்கள் மார்க்கத்தாள் அல்ல.

“டீச்சரம்மா, எங்க சாமிகிட்டயெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். ஒங்க சாமிகிட்டயும் கொஞ்சம் கேளுங்க. அவரு செய்யலங்க.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே தம்பி படுத்திருந்தான். நான் கண்ணை மூடினேன். “ஆண்டவரே, கருப்பையா குத்தம் செய்யல. உண்மை தெரிஞ்சவங்க வாயத் தெறந்துவிடும்” என்று மட்டும் சொன்னேன். என் வாயையும் சேர்த்துத்தான் கேட்டேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதன்பிறகும் நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. இதை உங்கள் முன் ஒளிக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் தம்பி குளித்துவிட்டு வந்தான்.

“அக்கா, ஸ்டேஷனுக்குப் போறேன். கூட வாரியா?”

“வாரேன்.”

நாலு மைல் நடந்தோம். வழியில் ஒரே ஒருதரம், “நேத்து நீ எனக்காகவும்தானக்கா கேட்ட?” என்றான். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

கருப்பையா விடுதலையானார். தம்பிக்கு ஆயுள் தண்டனை. சின்னப்பொண்ணு ஒருதரம் வந்தாள்.

“அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் திரும்பி நடந்துவிட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அது நியாயம். வேலுவின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறக்கவில்லை.

நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். கொடுத்த விதத்தை நினைத்து ஒரு வருஷம் அழுதேன். தம்பியை ஏன் எடுத்துக்கொண்டீர் என்று சண்டை போட்டேன். பிறகு ஒருமுறை புதுக்கோட்டை ஜெயிலில் பார்த்தபோது அவன் சொன்னான்: “வெளியில இருந்த மூணு வாரமும் நான் தூங்கலக்கா. இங்கிட்டு வந்துதான் தூங்குனேன்.” அன்றைக்குத்தான் தரையில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கலாம். சுத்தமான மனசு வந்தபின் ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது வரவே இல்லை. இருக்கிற மனசோடேயே கேளுங்கள். அவர் கேட்கிறார். தருவது வலிக்கும். வாங்கிக்கொள்ளுங்கள்.