தேங்காய் உடைத்த இரும்பு

போன வாரம் ஒருவருக்கு ஒரு உதவி செய்தேன். அந்த உதவியில் இரண்டு பேர் செத்திருப்பார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டதால் மூன்று.

மிகைப்படுத்தவில்லை. 

நம் தீவின் பத்துபஸ்தியில், எங்கள் வீட்டு வாசல் ஓரத்தில் ஒரு இரும்புக் கட்டை புதைந்திருந்தது. வீடு கட்ட மண் தோண்டியபோது கிடைத்ததாம். என் மாமனார் அதைக் கூம்பான பக்கம் கீழே போகும்படி நட்டுவைத்துவிட்டார். தட்டையான பக்கம் மேலே. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் மேல்தான் தேங்காய் உடைக்கிறேன். ஒரே போடு... சரிபாதியாகப் பிளக்கும். சிமெண்ட் படியில் அடித்தால் மூன்று துண்டாகச் சிதறும். அதனால் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களும் தேங்காயோடு எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே பச்சை பிடித்த ஒரு வளையம் சுற்றி ஓடும். செம்பு. பொங்கலுக்கு முன்னால் விளக்கு தேய்க்கும்போது மிச்சமிருக்கும் புளியை அதிலும் போட்டுத் தேய்ப்பேன். பளபளவென்று ஆகிவிடும். மேலே சந்தனம், குங்குமம். இரும்புக்குச் செம்பில் எதற்கு வளையம் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை. விளக்கைத் தேய்க்கிறவளுக்கு எல்லாமே விளக்குதான்.

இந்த மாதம் வாசலுக்குச் சிமெண்ட் பிளாக் பதிக்க ஆரம்பித்தோம். கொத்தனார், "இந்த இரும்பு இடிக்குது மேடம்" என்றார். சரி, தேங்காய்க்கு ஒரு கருங்கல் துண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை சேவியர் மீன் கொண்டுவந்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே டிங்கிப் படகு வைத்துத் தொழில் செய்கிறவன். என்னை அக்கா என்று கூப்பிடுவான். நங்கூரம் பாறையில் மாட்டி, கயிற்றை அறுத்துவிட்டு வந்ததாகச் சொல்லி வருத்தப்பட்டான்.

என் வாய் சும்மா இருந்ததா?

"இந்த இரும்பை எடுத்துக்கோயேன் சேவியர்."

"யக்கா... இது நீங்க சாமிக்குத் தேங்கா உடைக்கிறதுல்லா? நான் எப்பிடி எடுக்கது?"

"சாமியாவது... வெறும் இரும்புதான். ஒரு வளையம் வெல்டிங் வச்சுக்கோ, கயிறு கட்டிடலாம். அவ்வளவுதான் வேலை."

கவனியுங்கள். வெல்டிங் யோசனை என்னுடையது. அவன் கேட்கவேயில்லை.

கடப்பாரை போட்டு நெம்பினான். ஆட்டோக்காரரும் அவனுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். கூம்பு முனை முழுக்க மண் அப்பியிருந்தது. "வெயிட்டு நல்லாருக்கு, அலையில நகராது" என்று சந்தோஷமாகச் சிரித்தான். நானும் கை ஆட்டி அனுப்பிவைத்தேன்.

அரைமணி நேரம் கழித்து எங்கள் ஏரியா லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ. எங்கேயோ குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது கிடைத்ததாம். இரண்டாம் உலகப்போரில் தீவைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் காலத்துப் பீரங்கிக் குண்டு, வெடிக்காதது, யாரும் கிட்டே போக வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். கூம்பு முனை. தட்டையான அடி. அடிக்குக் கொஞ்சம் மேலே... பச்சை பிடித்த ஒரு வளையம்.

கத்தியை எங்கே வைத்தேன் என்று தெரியாது. மறுநாள் ஃபிரிட்ஜுக்குள் கிடைத்தது.

சேவியருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும். எல்லைக்கு வெளியே. நம் தீவில் நெட்வொர்க்கின் எல்லை எது என்று யாருக்காவது தெரியுமா? அவன் மனைவி ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். "ஜங்கிலிகாட் பக்கம் ஒரு பெங்காலி வெல்டிங் கடைக்குத்தான்க்கா போவாங்க. ஏன்க்கா?" என்றாள். "சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். அந்தச் 'சும்மாதான்' இன்னும் என்னைக் குத்துகிறது.

போலீசுக்குச் சொன்னேன். கடைப் பெயர் கேட்டார்கள். தெரியாது. வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அவர் ஆபீசில் இருந்தபடியே கத்தினார். "போலீஸ்கிட்ட சொல்லிட்டல்ல? நீ போகக் கூடாது!"

போகக் கூடாதுதான். எந்தப் புத்தியுள்ளவள் குண்டை நோக்கி ஸ்கூட்டர் ஓட்டுவாள்? தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வழியெல்லாம் காது மட்டும்தான் வேலை செய்தது. எங்கேயாவது 'டமார்' கேட்கிறதா? ஒரு லாரியின் பின்கதவு படாரென்று விழுந்தது... அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். ஜெசிந்தாவின் முகம்தான் கண்ணில் நின்றது. வெல்டிங் வச்சுக்கோ என்று சொன்னது யார் என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

இரண்டு பேரிடம் விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தேன். தெருவே அமைதியாக இருந்தது. கரண்ட் கட்.

போன மாதம் இதே பத்தியில் கரண்ட் கட்டை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? வாபஸ் வாங்குகிறேன். அந்த ஒரு தடவைக்கு மட்டும்.

கடைக்குள்ளே அந்த இரும்புக் கட்டையைப் படுக்கப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான் சேவியர். பக்கத்தில் வளையத்துக்கான கம்பி, வளைத்துத் தயாராக.

"சேவியர்... எந்திரி. மெதுவா எந்திரி." நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருக்கிறேன். கழற்றியிருக்கவும் மாட்டேன்!

"என்னக்கா, பின்னாலயே வந்துட்டிய?"

"அது குண்டு. ஜப்பான் குண்டு."

அவன் எழுந்த வேகத்தில் டீ கிளாஸ் அந்தக் கட்டையின் மேலேயே விழுந்து உடைந்தது. மூச்சை இழுத்துப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வெல்டர் தபன் சிரித்தார். "அரே தீதி, குச் நஹி ஹோகா. லோஹா ஹை, பஸ்." ஒன்றும் ஆகாது அக்கா, இரும்பு, அவ்வளவுதான் என்கிறார். காலையில் நான் சொன்ன அதே வார்த்தை, இந்தியில். போட்டோவைக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டு தப்புத் தப்பாகவே விழுந்தது; திரை திறக்கவில்லை.

அப்போது கரண்ட் வந்தது.

ஃபேன் சுற்றியது. பல்பு எரிந்தது. அணைக்காமல் வைத்திருந்த கிரைண்டர் மேஜையில் தானாகவே 'வ்ர்ர்ர்' என்று அலறியது. நான் கத்தியேவிட்டேன். சேவியர் சிலுவை போட்டுக்கொண்டான். தபன் நிதானமாக அதை அணைத்துவிட்டு, "தோ மினிட் கா காம்" என்றார். ரெண்டு நிமிஷ வேலையாம்! வெல்டிங் ராடு மாட்டும் பிடியை எடுத்தார்.

நான் குறுக்கே நின்றேன். வேறென்ன செய்யத் தெரியும்? "நஹி பையா, நஹி, நஹி..." அதற்கு மேல் இந்தி வரவில்லை. தமிழும் வரவில்லை.

எனக்குப் புரியவைக்க நினைத்தாரோ என்னவோ, அவர் பிடியை வைத்துவிட்டு ஒரு கம்பி பிரஷ்ஷை எடுத்தார். குனிந்து, கூம்பு முனையில் அப்பியிருந்த மண்ணை வரட்டு வரட்டென்று தேய்த்தார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் என் உயிர் கொஞ்சம் போனது. மண் உதிர்ந்தது. உள்ளே இரும்பு இல்லை. மஞ்சளாகப் பித்தளை. மரை போட்டுத் திருகிய ஒரு மூடி. அதைச் சுற்றிக் கோடு கோடாக, நுணுக்கமாக ஏதோ குறிகள்.

தபனின் கை நின்றது. ஆயுசு முழுக்க இரும்போடு வாழ்கிறவர். வெறும் இரும்புக்கு யாரும் பித்தளையில் மூடி செய்து, குறி வெட்டித் திருகமாட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரஷ்ஷைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார். மெயின் சுவிட்சை அணைத்தார்.

"சலோ" என்றார், கிசுகிசுப்பாக.

மூன்று பேரும் வெளியே நடந்தோம். ஓடவில்லை. ஓடினால் அதற்குக் கேட்டுவிடும் என்று பயம்.

வெளியே வந்து இடத்தைச் சொன்னதும், மீதியைப் போலீஸ் பார்த்துக்கொண்டது. தெருவைக் காலி செய்தார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் மணல் மூட்டைகளோடு வந்தார்கள். அவர்களில் பெரிய அதிகாரி ஒருவர் என்னிடம் விவரம் கேட்டு எழுதினார்.

"எத்தனை வருஷமா வீட்டில இருக்கு?"

"நான் வந்தே இருபத்திரண்டு வருஷம் சார்."

"என்ன செஞ்சீங்க அதை வச்சு?"

"தேங்காய் உடைச்சேன்."

பேனா நின்றது. "அது மேலயா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் சார்" என்றேன், ஏதோ அதனால் ஆபத்து குறைந்துவிடும் என்பதுபோல.

உள்ளே மருந்து அப்படியே இருக்கிறதாம். இத்தனை வருஷம் ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டேன். "தேங்காய் பத்தி என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. வெல்டிங் சூடு பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியும்" என்றார். சொல்ல வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோய் வெடிக்கவைத்தார்களாம். எங்கள் வீட்டுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு அது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு உதைக்கிறது. வீட்டுக்காரர் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புத்துண்டை டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

நாமெல்லாம் ஜப்பான் பங்கரைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதன் மேல் துணி காயப்போடுகிறோம், அதன் சுவரில் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடுகிறோம். கப்பலும் பீரங்கியும் போய்விட்டன, சண்டை முடிந்துவிட்டது என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். மண்ணுக்குள்ளே கிடக்கிறதே, அதற்கு யார் போய்ச் சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். புதுக் கருங்கல் துண்டு தயாராக இருந்தது. ஓங்கிய கை இறங்கவில்லை. உள்ளே போய், அரிவாளால் மெல்லத் தட்டி உடைத்தேன். கோணல்மாணலாகப் பிளந்தது. சாமி கோபித்துக்கொள்ளாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சேவியர் வந்தான், கையில் ஒரு துண்டு சுறுமை மீனோடு. உயிரைக் காப்பாற்றினேனாம். யார் உயிரை யார் எடுக்கப் பார்த்தது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது செய்தே ஆகவேண்டும் போல இருந்தது.

"நங்கூரத்துக்கு இன்னும் ஒண்ணும் கிடைக்கலையா சேவியர்? பின்னாடி பழைய ஆட்டுக்கல் ஒண்ணு கிடக்கு. எடுத்துக்கோயேன். வெறும் கல்லுதான்."

அவன் இரண்டு அடி பின்னால் போய், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான்:

"அன்னைக்கும் வெறும் இரும்புதான்னுதானக்கா சொன்னிய?"