டோக்கனுக்குக் கூடிய ஜெபக்கூட்டம்

ஆண்டவருக்குள் அன்பான தாய்மாருக்கும் சகோதரர்களுக்கும் வந்தனம். என் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 1979-ஆம் வருஷம் மாசி மாதம், மட்டாஞ்சேரியில் என் இரண்டு கண்ணிலும் கொதிக்கிற சுண்ணாம்பு தெறித்தது. ஆஸ்பத்திரியில் இரண்டையும் கட்டிவிட்டார்கள். பார்வை வருமா என்று கேட்டதற்கு, கட்டை அவிழ்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். புருஷன் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. கண் போனால் மூன்று பேரும் தெருவுக்கு வர வேண்டியதுதான். செத்துவிடலாம் என்றே நினைத்தேன். ஆண்டவருடைய பிள்ளை அப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவள். அங்கே ஒரு சுக்குக் கோடவுனில் மேஸ்திரியாக இருந்தேன். இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி வெயிலில் போட்டால் வெள்ளைச் சுக்கு ஆகும். கப்பலில் போகிற சரக்கு. சுரண்ட, முக்க, காயவைக்க எல்லாம் பெண்கள்தான். காலையில் கேட் முன்னால் அறுபது பேர் நிற்பார்கள். முதலாளி என் கையில் முப்பது டோக்கன் தருவார். டோக்கன் வாங்கியவள் உள்ளே, வாங்காதவள் வீட்டுக்கு. யாருக்குக் கொடுப்பது என்பது என் இஷ்டம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தி வந்தேன். முதலில் நாலு பேர் வந்தார்கள். மறுநாள் கேட்டில் அவர்களுக்குத்தான் முதலில் டோக்கன் கொடுத்தேன். ஆண்டவரைத் தேடுகிறவளுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்றுதான் கொடுத்தேன். அடுத்த வெள்ளி பத்துப் பேர். ஒரு மாதத்தில் வீடு கொள்ளவில்லை, வாசலில் பாய் விரித்தோம். இந்து, முஸ்லிம், கத்தோலிக்கர் எல்லாரும் கை தட்டிப் பாடினார்கள். எழுப்புதல் வந்துவிட்டது, ஊரே ஆண்டவரிடம் திரும்புகிறது என்று போதகர் ஆராதனையில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். மாதர் சங்கத்துக்குத் தலைவியாக்கலாம் என்றும் பேச்சு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐசுவரியவான் பரலோகம் போவதைவிட ஒட்டகம் ஊசிக் காதில் நுழைவது எளிது என்று பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் அது எங்கள் முதலாளிக்குச் சொன்னது என்று நினைப்பேன். நாள்கூலி வாங்குகிற விதவைக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கோடவுனில் சரோஜா என்று ஒருத்தி. மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வேலையில் கெட்டிக்காரி. ஜெபத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டேன். கேட்டில் எல்லார் முன்பும் சொன்னாள்: "எனக்கு ஜோலி வேணும் சேச்சி. அதுக்காக வேண்டி உங்க சாமிகிட்ட பொய்ப் பாட்டு பாட என்னால ஆவாது."

அன்றிலிருந்து ஆறு வாரம் அவளுக்கு டோக்கன் இல்லை. அவளும் விடாமல் தினமும் வந்து நின்றாள். இளகாத மனசு என்று அவளுக்காக நான் உபவாசம் வேறு இருந்தேன்.

சுண்ணாம்பு தெறித்த அந்த நாள் கப்பலுக்குச் சரக்கு அவசரம். தொட்டியில் சுண்ணாம்புக் கல் போட்டுத் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். இந்தப் பெண்கள் ஆமை மாதிரி ஊற்றுகிறார்களே என்று குடத்தைப் பிடுங்கி நானே கவிழ்த்தேன். பொங்கி முகத்தில் அடித்தது. "இயேசுவே, என் கண்ணு" என்று அலறினேன். பெண்கள் சிதறி ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் யாரோ என் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போய், குழாயடியில் தலையை அமுக்கி, இமையைப் பிளந்து தண்ணீர் விட்டார்கள். எரிச்சலில் உதைத்தேன், கடித்தேன். அரை மணி நேரம் அந்தக் கை விடவே இல்லை. பிறகு என்னைப் படகில் ஏற்றி எர்ணாகுளம் கொண்டுபோனார்கள்.

பத்து நாள் இருட்டு. கண்ணைத் தாரும் என்று ஜெபித்தேன். மேஸ்திரி வேலை வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்றும் ஜெபித்தேன், மறைப்பானேன். வெள்ளிக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரிக்கே வந்து ஜெபிப்பார்கள் என்று நம்பி, மூத்தவளிடம் பாய் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. டோக்கன் இப்போது இன்னொரு அம்மா கையில் இருக்கிறது, எல்லாரும் அந்த அம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் பலகாரம் சுடப் போயிருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள்.

மறுநாள் காலையில் டாக்டர், உடனே தண்ணீர் விட்டுக் கழுவியது யார் என்று விசாரித்தார். கண் மிஞ்சினால் அதனால்தான் மிஞ்சும் என்றார். என் ஜெபக்கூட்டத்துப் பெண் யாரோ என்று எனக்குப் பெருமை. மத்தியானம் ஒருத்தி கஞ்சியோடு வந்தாள். குரலில் சரோஜா என்று தெரிந்தது. என்னைக் கழுவியது யாரென்று அவளிடம் கேட்டேன்.

"நானாக்கும் சேச்சி."

நீ எப்படி அந்த நேரத்துக்கு அங்கே வந்தாய் என்றேன்.

"கேட்டுல ஜோலி இல்லாம சும்மா நின்னுட்டிருந்தேன்ல."

குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கஞ்சியை ஊட்டினாள். கட்டுக்குள்ளேயே அழுதேன், உப்புப் பட்டுக் கண் எரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள். அன்றைய ஜெபத்தில் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. நான் செய்ததை ஒன்றுவிடாமல் ஆண்டவரிடம் சொன்னேன். அதற்கே நெடுநேரம் ஆனது.

பதினோராம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். இடது கண் மங்கல், எட்டு வருஷமாக அப்படித்தான். வலது கண்ணில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். ஸ்தோத்திரம்.

பங்குனிக் கடைசியில் முதலாளி திரும்பக் கூப்பிட்டார். வேலையை உதறுகிற அளவுக்கு எனக்குத் தெம்பில்லை, போனேன். ஆனால் இனி வரிசைப்படிதான் டோக்கன், இன்று கிடைக்காதவளுக்கு நாளை முதலில் என்று கேட்டில் நின்று சொன்னேன். ஜெபத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றேன். அந்த வெள்ளி மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி பாட்டுக்கு நடுவில் தூங்கிவிட்டாள். எனக்குப் பயப்படாமல் ஒருத்தி என் வீட்டில் தூங்கியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலைவி பதவி வேண்டாம் என்று போதகரிடம் சொன்னேன். எழுப்புதல் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே என்று அவருக்கு வருத்தம்.

சரோஜா சபைக்கு வந்தாளா என்று எல்லாரும் கேட்கிறீர்கள். வரவில்லை. மாரியம்மனுக்குத்தான் விளக்கு வைக்கிறாள். இப்போதும் அவளுக்காக ஜெபிக்கிறேன், அவள் பையனுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று.

இக்கட்டில் இருக்கிறவர்களே, தயங்காமல் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். நான் அலறின நிமிஷமே அவர் பதில் அனுப்பினார். அதைத்தான் நான் உதைத்தேன், கடித்தேன். யார் கையில் கொடுத்து அனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.